பிரதேச சபையிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?



லயத்து வாசலில் கான் நிறைந்து வழிந்தால் நாம் யாரிடம் போகிறோம்? முதலில் தோட்டத் தலைவரிடம். தலைவர் வெல்பெயார் ஐயாவிடம் சொல்வார். ஐயா தொரையிடம் சொல்வார். தொரை "இந்த வருஷம் பட்ஜெட் இல்லை" என்று சொல்லிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அடுத்த மழைக்கு நாமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம்.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் இருந்து நாம் பழகிய வழி இது. அப்போது வேறு வழி கிடையாது என்பதும் உண்மைதான். ஆனால் இன்றைக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அது பிரதேச சபை. டவுனை ஒட்டியுள்ள சில இடங்களுக்கு நகர சபை. தேர்தல் வந்தால் ஓட்டுப் போட மட்டும் அந்த வாசலை நாம் நினைக்கிறோம். இம்முறை பாடத்தில் சபையின் அதிகாரம் என்ன, கடமை என்ன, அதிலே தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன பங்கு என்று பார்ப்போம்.

சபை வேறு, செயலகம் வேறு

எங்கள் கூட்டங்களில் அடிக்கடி காணும் குழப்பம் இது. "பிரதேச சபைக்குப் போனேன், பிறப்புப் பத்திரம் தரவில்லை" என்று ஒரு அக்கா வருத்தப்படுவார். பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதேச சபையில் வேலையே இல்லை. அது பிரதேச செயலகத்தின் வேலை. பெயர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வரும் தடுமாற்றம். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் காசும் செலவழித்து வந்தவருக்கு இது சின்னத் தடுமாற்றம் இல்லை.

பிரதேச செயலகம் அரசாங்க உத்தியோகத்தர்கள் நடத்துவது. பிரதேச செயலாளர் அதற்குத் தலைவர். கிராம சேவகர் அவருக்குக் கீழே வருகிறார். பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரம், அடையாள அட்டைக்கான விண்ணப்பம், அஸ்வெசும போன்ற உதவிப் பணம், இவையெல்லாம் அந்தப் பக்கம்.

பிரதேச சபை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்களின் சபை. அதற்குத் தலைவர் தவிசாளர். அலுவலக வேலையைப் பார்ப்பவர் செயலாளர். பிரதேச செயலாளரும் பிரதேச சபையின் செயலாளரும் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கடிதம் தவறான ஆளிடம் போனால் அங்கேயே கிடந்துவிடும்.

சபையின் வேலை என்ன?

பிரதேச சபைகளை உண்டாக்கியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதிலே சபையின் பொறுப்பு மூன்று பெரிய வேலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள். இதோடு தன் எல்லைக்குள் வாழும் மக்களின் சௌகரியம், வசதி, நலம் ஆகியவற்றைப் பாதுகாத்து வளர்ப்பதும் சபையின் பொறுப்பு. சட்டம் சொல்வது மக்களை. வீட்டுச் சொந்தக்காரர் என்றோ, வரி கட்டுபவர் என்றோ பிரித்துச் சொல்லவில்லை. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்வோம்.

நடைமுறையில் குப்பை அள்ளுவது, கான் சுத்தம் பண்ணுவது, தெரு விளக்குப் போடுவது, பொது மலசலகூடம், சந்தை, மயானம், விளையாட்டு மைதானம், நூலகம், சிறு பாதைகளும் மதகுகளும், சிறிய குடிநீர்த் திட்டங்கள் எல்லாம் சபையின் கைக்குள் வருபவை. கடைக்கும் ஹோட்டலுக்கும் வியாபார அனுமதி கொடுப்பது சபை. வீடு கட்டும் வரைபடத்தை அங்கீகரிப்பதும் சபை. மலசலகூடக் குழி நிரம்பினால் உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி பல சபைகளில் இருக்கிறது. கட்டணம் கட்டிக் கேட்கலாம். பத்துக் காம்பரா லயத்துக்குப் பொதுக் குழி உள்ள இடங்களில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டவுன் குப்பையைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டுவதாகச் சில இடங்களில் சொல்கிறார்கள். மக்களுக்குத் தொல்லை வராமல் குப்பையை அகற்ற வேண்டியது சபையின் கடமை. கொட்டுவது சபையின் லொறியே என்றாலும் அந்தச் சபையிடமே எழுத்தில் முறையிடலாம். வெட்கப்படவோ பயப்படவோ அதில் ஒன்றும் இல்லை.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தோட்டத்தில் பாதி முறைப்பாடு பாதை முறைப்பாடு. பெரிய வீதிகள், அதாவது ஏ, பீ என்று எழுத்துப் போட்டவை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அவிசாவளையில் இருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ 7 பாதை அப்படிப்பட்டது. அதில் குழி விழுந்தால் பிரதேச சபையைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அடுத்த தரம், சீ, டீ பாதைகள், மாகாணத்தின் பொறுப்பு. அதற்கும் கீழே உள்ள பொதுப் பாதைகள் சபைக்கு. இந்த மூன்றிலும் சேராதது தோட்டத்துப் பாதை. மெயின் ரோட்டில் இருந்து பிரிந்து, மடுவத்தைத் தாண்டி, மேக்கணக்கு லயத்துக்கு ஏறும் பாதை பெரும்பாலும் தோட்டத்துக் காணிக்குள் வருகிறது. நம்ம கஷ்டம் தொடங்குவதும் அங்கேதான்.

நாம் ஏன் இத்தனை காலம் வெளியே நின்றோம்?

இந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலே கிராமங்களுக்கு கிராமச் சபைகள் இருந்தன. 1930களின் இறுதியில் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கு இல்லாமல் வைத்தார்கள். கிராமம் கிராமத்தாருக்கு, தோட்டம் தொரைக்கு என்ற கணக்கு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் பாராளுமன்ற ஓட்டும் போனது. அதற்குப் பிறகு ஒப்பந்தங்கள், விண்ணப்பங்கள், கப்பல் என்று ஒரு தலைமுறை கழிந்ததை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் நாடற்றவர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

இதற்கிடையில் பழைய கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் இல்லாமல் போயின. அவற்றின் இடத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. முதல் தேர்தல் 1991இல் நடந்தது. தோட்டத்து மக்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். நம்மவர்களும் உறுப்பினர் ஆனார்கள்.

ஆனால் ஓட்டு வந்த வேகத்தில் வேலை வரவில்லை. காரணம் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க முடியாது என்றுதான் அந்தப் பிரிவுக்கு நடைமுறையில் பொருள் கொண்டார்கள். தோட்டம் அரசாங்கக் காணி, 1992இல் இருந்து கம்பனிகளின் கையில். ஆகவே அதற்குள் உள்ள பாதையும் கிணறும் பொதுச் சொத்து ஆகாது என்பது வாதம்.

இதனால் நடந்த வேடிக்கையைப் பாருங்கள். உறுப்பினர் தோட்டத்து ஓட்டால் வெல்வார், தோட்டத்து லயத்தில்தான் குடியிருப்பார். ஆனால் தன் வாசலுக்கு முன்னால் உள்ள பாதைக்கு ஒரு டிரக்டர் கல் கொட்டச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தால், "கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம்" என்று அலுவலகம் சொல்லிவிடும். தோட்டத்தைக் கேட்டால், "அதுக்குத்தானே சபைக்கு ஆள் அனுப்பினீங்க" என்று பதில். பிரசவ வலி வந்த பெண்ணைக் கொழுந்து லொறியிலும், வயசானவரை நாற்காலியில் வைத்துத் தோளிலும் இறக்கிக் கொண்டுவந்த தோட்டங்களில், அந்தப் பாதை யாருடையது என்று இரண்டு அலுவலகங்கள் கிட்டத்தட்ட முப்பது வருஷம் பேசிக்கொண்டிருந்தன.

2018இல் என்ன மாறியது?

இரண்டு விஷயம் மாறியது. முதலாவது எல்லை. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச சபைகள்தான் இருந்தன. அவற்றில் அம்பகமுவ பிரிவிலும் நுவரெலியா பிரிவிலும் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் சனம். வடக்கிலே நெடுந்தீவில் 5 ஆயிரம் பேர் கூட இல்லை, அங்கேயும் ஒரு பிரதேச சபை. இந்த அநியாயத்தைப் பல காலம் எடுத்துச் சொன்ன பிறகு, அம்பகமுவவை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்றும், நுவரெலியாவை நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்றும் மூன்று மூன்றாகப் பிரித்தார்கள். 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த தேர்தல் இந்தப் புதிய எல்லைகளோடு நடந்தது.

இரண்டாவது சட்டம். அதே 2018இல் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்தியது. தோட்டத்தில் குடியிருப்போருக்குத் தேவையான பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகளைச் சபை தன் நிதியில் இருந்து செய்து கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. "தோட்டத்துக்குள்ளே எங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்று இனி ஒரு சபை பொதுவாகச் சொல்ல முடியாது.

ஒரு சொல்லை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சட்டம் சொல்வது "செய்யலாம்" என்று. "செய்தே ஆக வேண்டும்" என்று இல்லை. அதாவது அதிகாரம் கொடுத்திருக்கிறது, கட்டாயம் போடவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் முழு விஷயமும் இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. கட்டாயம் என்றால் நாம் சும்மா இருந்தாலும் வேலை நடக்கும். செய்யலாம் என்றால், கேட்பவருக்கு நடக்கும், கேட்காதவருக்கு நடக்காது. சபையின் காசு ஒரே காசு. கிராமத்துக்காரர் பத்துக் கடிதம் கொடுத்திருக்க, தோட்டத்தில் இருந்து ஒன்றும் போகவில்லை என்றால், அந்தக் காசு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கிராமத்துக்காரர் மேல் குறை இல்லை. அவர்கள் கேட்டுப் பழகியவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபை வரலாம் என்பதற்காகத் தோட்டம் கைகழுவிவிட முடியாது. தோட்டம் தன் தொழிலாளருக்குச் செய்ய வேண்டியதை இந்தத் திருத்தம் எடுத்துவிடவில்லை. அதோடு காணி கம்பனியின் குத்தகையில் இருப்பதால், சபை வேலை செய்வதற்கும் நிர்வாகத்தோடு பேசித்தான் ஆக வேண்டும். தோட்டத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று தொரையிடம் ஒரு கடிதம் எழுத்தில் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால், சபை அலுவலகத்தில் கோப்பு நகரும். வாயால் "சரி" என்றது அங்கே செல்லாது. அடுத்த தொரை வந்தால் இங்கேயும் செல்லாது.

"நீங்கள் வரி கட்டுவதில்லையே"

இந்தக் கேள்வியைச் சில இடங்களில் நம்மவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். கேட்டவுடன் நம்மவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். குனியத் தேவையில்லை. பதில் இருக்கிறது.

லயத்துக் காம்பராவுக்கு மதிப்பீட்டு வரி கட்டுவதில்லை என்பது உண்மை. அந்த வீடு நம்ம பெயரில் இல்லை. ஆனால் சபையின் வருமானம் வீட்டு வரி மட்டும் இல்லை. பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தக் காணியில் உழைப்பது யார்? கடைகளின் அனுமதிக் கட்டணம், சந்தைக் கடை வாடகை வருகிறது. சம்பள நாளில் அந்தக் கடைகளில் சாமான் வாங்குவது யார்? நீதிமன்றத் தண்டப் பணமும் காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் மாகாணம் வழியாகச் சபைக்கு வருகின்றன. உத்தியோகத்தர் சம்பளத்துக்கு மாகாணத்தில் இருந்து பணம் வருகிறது. அது நாட்டு மக்கள் எல்லோரும் கட்டும் வரியில் இருந்து வருவது. சீனிக்கும் பருப்புக்கும் கொடுக்கும் விலைக்குள்ளே நாமும் கட்டுகிறோம். மேலே சொன்னது போல, சட்டம் சபையிடம் ஒப்படைத்திருப்பது எல்லைக்குள் வாழும் மக்களின் நலத்தை. வரிச் சீட்டைக் காட்டு என்று அது கேட்கவில்லை.

ஆனால் இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தோட்டப்புறச் சபைகள் பலவற்றின் சொந்த வருமானம் குறைவு. டவுன் பெரிதாக இருக்கும் சபைக்கு வரி வரும். மலையும் தேயிலையுமாக இருக்கும் சபைக்கு அவ்வளவு வராது. ஆகவே ஒரே வருஷத்தில் மூன்று கிலோமீட்டர் கொங்கிரீட் பாதை கேட்டால் கிடைக்காது. மண் சரியும் இடத்தில் ஒரு மதகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குறுக்கில் நாற்பது படி, பீலிக்கரைக்கு ஒரு கட்டு, இப்படி அளவு தெரிந்து கேட்டால் கிடைக்கும். அடுத்த வருஷம் அதன் தொடர்ச்சியைக் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது?

வழியில் உறுப்பினரைக் கண்டு சொல்வது கேட்பதாகாது. அவர் நல்லவராகவே இருந்தாலும் பத்துப் பேர் சொன்னதில் ஒன்பதை மறந்துவிடுவார். எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்துப் பல பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அதற்கு வெளியே, இரத்தினபுரியிலோ கேகாலையிலோ காலியிலோ இருந்தாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது.

கடிதம் நீளமாக வேண்டாம். கஷ்டத்தையெல்லாம் கொட்டி நான்கு பக்கம் எழுதினால் வாசிப்பவர் முதல் பக்கத்தோடு வைத்துவிடுவார். இந்த மாதிரி இருந்தால் போதும்:

கௌரவ தவிசாளர் அவர்கட்கு,
............ பிரதேச சபை.

............ தோட்டம், கீழ்க்கணக்கு, 4ஆம் இலக்க லயத்துக்குப் போகும் பாதையில் உள்ள மதகு பற்றியது.

மேற்படி மதகு உடைந்து ...... மாதம் ஆகிறது. இதைத் தாண்டி ...... குடும்பங்கள் வசிக்கின்றன. ...... பிள்ளைகள் தினமும் பாடசாலைக்குப் போகிறார்கள். மழை நாட்களில் வாகனம் வருவதில்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சபை நிதியில் இதைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் படம் இரண்டும் இத்துடன் உண்டு.

இப்படிக்கு, கையொப்பம் இட்டவர்கள்.

பிரதிகள்: செயலாளர், வட்டார உறுப்பினர்.

குடும்பத் தொகையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், எண்ணிப் போடுங்கள். கையொப்பம் வாங்கும்போது பெண்களிடமும் வாங்குங்கள். கொழுந்துக் கூடையோடு அந்தப் பாதையில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள். கைநாட்டும் கையொப்பம்தான். கடிதத்தைக் கையில் கொடுத்தால் நம்மிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டு அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரை இல்லாத கடிதத்தைப் பற்றிப் பின்னால் கேட்டால், "அப்படி ஒன்று வரவே இல்லையே" என்பார்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். அடுத்த வருஷத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை இந்த வருஷம் முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். தீபாவளி கழிந்து டிசம்பரில் கடிதம் கொடுத்தால் காசு பங்கு பிரித்து முடிந்திருக்கும். ஆகஸ்ட், செப்டெம்பரில் கொடுப்பது புத்தி. உடனே ஆபத்தான வேலை என்றால் எந்த மாதமும் கொடுக்கலாம், அது வேறு.

கடிதம் போன பிறகு என்ன நடக்கும்? தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். உறுப்பினர் சபையிலே பிரேரணை கொண்டுவர வேண்டும், அது தீர்மானமாக வேண்டும், காசு ஒதுக்க வேண்டும். தீர்மானம் எடுத்தாச்சு என்று உறுப்பினர் சொன்னால், சந்தோஷப்பட்டுவிட்டு அத்தோடு நிற்காதீர்கள். "எந்தத் திகதிக் கூட்டத்தில்? எவ்வளவு ஒதுக்கியது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தீர்மானம் இருந்தும் காசு ஒதுக்கப்படாத வேலைகள் ஏராளம்.

பதில் வராவிட்டால்

மூன்று மாதம் ஆகியும் அசைவு இல்லை என்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதேச சபைகளும் நகர சபைகளும் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம், "இன்ன திகதியில் நாங்கள் கொடுத்த கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? கடந்த இரண்டு வருஷத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவழித்த தொகை எவ்வளவு, எந்தெந்த இடத்தில்?" என்று கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் கிடையாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ சும்மா இருந்தாலோ, அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறித்த அலுவலரிடம் 14 நாட்களுக்குள் போகலாம். அங்கேயும் திருப்தி இல்லை என்றால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷக் கடிதத்துக்கு அதைவிட நல்ல இணைப்பு கிடையாது.

சபை நடக்கும் விதத்தில் முறைகேடு இருந்தால், மாவட்டத்தில் உள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் முறையிடலாம். தொட்டதுக்கெல்லாம் அங்கே ஓட வேண்டாம். முதல் கடிதத்தின் முத்திரை இருந்தால்தான் அங்கே போவதிலும் அர்த்தம் உண்டு.

நம்ம ஆட்களைச் சபைக்குள் பயன்படுத்துவது

இப்போதைய முறையில் உறுப்பினர்களில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரங்களில் இருந்தும் 40 பேர் கட்சிப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். அதாவது நம்ம வட்டாரத்துக்கென்று பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் யார் என்று உங்கள் லயத்தில் கேட்டுப் பாருங்கள். மந்திரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், வட்டார உறுப்பினரின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

உறுப்பினர்களில் காற்பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்து 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துப் பெண்களும் அப்படிச் சபைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை மடுவத்துக்குத் தண்ணீர், மலைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு மலசலகூடம், ராத்திரி பஸ் இறங்கும் இடத்தில் ஒரு விளக்கு, இதையெல்லாம் ஒரு பெண்ணிடம் விளக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் போய்ப் பேசுங்கள்.

சபை மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். அதோடு வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும், நிதியும் கொள்கையும் என்று குழுக்கள் அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத, அந்தப் பிரதேசத்தில் வாழும் ஆட்களையும் சேர்க்கலாம். இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் தோட்டத்தில் படித்துவிட்டு நிற்கும் பிள்ளை, ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில் கமிட்டியில் கணக்குப் பார்ப்பவர், இப்படி ஒருவரைச் சுற்றாடல் குழுவிலோ வீடமைப்புக் குழுவிலோ சேர்க்கச் சொல்லி உறுப்பினரிடம் கேளுங்கள். "அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை" என்றால், சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சபைக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அண்மையில் கண்டோம். 2018இல் தெரிவான சபைகளின் காலம் ஒரு வருஷம் நீட்டப்பட்டு, 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய தேர்தல் காசு இல்லை என்று நின்றுபோனது. அப்படித் தேர்தல் நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 2025 மே 6ஆந் திகதிதான் ஓட்டுப் போட முடிந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் செயலாளர்கள் சபையை நடத்தினார்கள். குப்பை வண்டி ஓடியது, சம்பளம் போனது. ஆனால் நம்ம பாதைக்காகப் பிரேரணை கொண்டுவர ஒரு ஆள் அங்கே இருக்கவில்லை.

2025இல் வந்த சபைகளின் காலம் நான்கு வருஷம். அதற்குள் வரும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒரு தோட்டத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு வேலை கேட்கலாம். கையொப்பம் வாங்கத் தொடங்குவதற்கு முன்னால், உங்கள் லயம் பிரதேச சபை எல்லைக்குள்ளா, நகர சபை எல்லைக்குள்ளா, எந்த வட்டாரம் என்று கிராம சேவகரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை நகர சபைகளை ஒட்டிய டிவிசன்களில் ஒரே தோட்டத்தின் இரண்டு லயம் இரண்டு சபைக்குள் இருக்கக்கூடும். நகர சபைக்குச் சட்டம் வேறு, அது 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டம். அங்கே எழுதும் கடிதத்தில் மேலே உள்ள மாதிரியில் இருக்கும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு எழுதுங்கள்.